கொடிக்கயிறு

அச்சகத்தில் அவளை எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். வயதில் மூத்த ஃபோர்மேன்கூட அப்படித்தான். கட்டிங் மெஷின் அவள் பொறுப்பு. காகிதக் கட்டை உள்ளே தள்ளி, ஓரம் தட்டி ஒழுங்குபடுத்தி, இரண்டு கையாலும் இரண்டு பொத்தான்களை ஒன்றாக அமுக்கினால்தான் கத்தி இறங்கும். அவள் வெட்டிய ஓரத்தில் விரலை ஓட்டிப் பார்த்துவிட்டு, "வெண்ணெய்" என்பார் ஃபோர்மேன். வேறு பாராட்டு எதுவும் அவர் வாயிலிருந்து வந்ததில்லை.

பெரிய ரோல்கள் தீரும்போது அட்டைக்குழலைச் சுற்றிக் கொஞ்சம் காகிதம் மிச்சம் நிற்கும். மெஷினுக்கு அது உதவாது. கழிவோடு போகவேண்டிய அதைக் கேட்டு வாங்கி, தோளில் சாய்த்துக்கொண்டு பஸ் ஏறுவாள். அது தம்பிக்கு.

தம்பிக்கு முப்பது வயது தாண்டிவிட்டது. சிறுவயதிலேயே ஆட்டிசம் என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். அவன் பேச்சு பெரும்பாலும் மற்றவர் சொன்னதன் கடைசிச் சொற்களைத் திருப்பிச் சொல்வது. "சாப்பிடலாமா" என்றால் "சாப்பிடலாமா" என்பான். அது ஆமாவா இல்லையா என்பதை முகத்தைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்கவேண்டும். அந்த வித்தை அம்மாவுக்குக் கைவந்திருந்தது. அக்காவுக்குப் பாதிதான் வந்தது.

அவர்களுடைய வீடு மூன்றாம் மாடியில். பின்பக்கத்து ஜன்னலைத் திறந்தால் நான்கு கட்டடங்களின் முதுகும் தெரியும். ஒவ்வொரு மாடியிலும் துணி காயும். அந்த ஜன்னலருகே மேஜை போட்டு, கறுப்புப் பேனாவால் தம்பி அதைத்தான் வரைவான். ரோலின் இடது ஓரத்தில் ஒரு கயிறு தொடங்கும். அதில் சட்டைகள், துண்டுகள், ஒற்றை சாக்ஸ், நனைந்து கனத்த போர்வை. கயிறு முடியவே முடியாது. ஒரு ரோல் தீர்ந்தால் அடுத்ததை ஒட்டிக்கொள்வான். ஒட்டிய இடத்தில்கூடக் கயிறு பிசகாமல் ஓடும்.

துணியைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடலாம். கீழ்வீட்டுக்காரர் பனியனில் இருந்த ஓட்டையை அது இருந்த இடத்திலேயே அவன் போட்டுவிட்டதால், அவர் மனைவி வெட்கப்பட்டு மறுநாளே அரை டஜன் புதுப் பனியன் வாங்கிவந்தாள். "உன் தம்பி புண்ணியத்துல எனக்குப் புதுத் துணி" என்று அவர் மாடிப்படியில் சிரிப்பார். ஆனால் அதே மனுஷர், அவன் படியேறும்போது ஓரமாக ஒதுங்கி நின்றுகொள்வார். பஸ்ஸிலும் அப்படித்தான். தம்பி உட்கார்ந்தால் பக்கத்து சீட்டில் இருப்பவர் இறங்குமிடம் வந்துவிட்ட மாதிரி எழுந்துபோவார். ஆனால் இறங்கமாட்டார். கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார்.

அம்மா இறந்த அன்றும் தம்பி வரைந்துகொண்டிருந்தான். "பெத்தவ கிடக்கிறா, இவன் படம் போடுறான். கல்லு" என்றாள் சித்தி. அன்று அக்காவுக்கும் அப்படித்தான் தோன்றியது. அதற்குப் பிறகு அவன் அம்மாவைப் பற்றி ஒருமுறைகூடக் கேட்கவில்லை.

கண்காட்சி நடத்துகிற பெண்மணி ஒருவரை அச்சகத்தில்தான் அவள் சந்தித்தாள். ஆட்டிசம் உள்ள கலைஞர்களின் படைப்புகளை மட்டும் வைத்து ஒரு கண்காட்சி. அதற்கான அழைப்பிதழை அச்சடிக்க வந்திருந்தார். முகத்தில் பாதியை மறைக்கும் பெரிய கண்ணாடி. நல்ல மனுஷி, அதில் சந்தேகமில்லை. அக்கா தயங்கித் தயங்கித் தம்பியைப் பற்றிச் சொன்னதும், மறுநாளே வீட்டுக்கு வந்துவிட்டார். கூடத்தில் ரோலைப் பிரித்தார்கள். அது கூடத்தைத் தாண்டி, சமையலறை வழியாகக் குளியலறைக் கதவுவரை போயும் தீரவில்லை. கண்ணாடிக்காரம்மா தரையில் மண்டியிட்டுத் தவழ்ந்துகொண்டே பார்த்தார். எழுந்தபோது கண் கலங்கியிருந்தது.

"இத்தனை வருஷமா இதை இந்த ரூமுக்குள்ளயா வச்சிருந்தீங்க?" என்றார்.

அக்காவுக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. நாலு பேர் தம்பியைத் தேடி வந்து பார்க்கப்போகிறார்கள். ஒரே ஒரு நாளாவது, ஒதுங்கிப் போகாமல்.

"தம்பி, இதை எடுத்துட்டுப் போறாங்க. எல்லாரும் பார்ப்பாங்க" என்றாள்.

"எல்லாரும் பார்ப்பாங்க" என்றான் தம்பி. அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டாள்.

ரோலைத் துணியில் சுற்றிக் கதவு வரை கொண்டுபோனபோது, அவன் பின்னாலேயே வந்து நின்றான். "வரும்?"

அவனாகக் கேட்ட கேள்வி அது. அப்படி அவன் கேட்பது அபூர்வம். "வரும்டா. எப்படிப் போகுதோ அப்படியே வரும்."

சில நாள் கழித்துக் கண்ணாடிக்காரம்மா போன் செய்தார். குரலில் சங்கடம். "அம்மா, ஒரு சின்னப் பிரச்சனை. கண்காட்சிக் கூடம் முழுக்க ஓட்டினாலும் சுவர் பத்தாது. மத்தவங்க படைப்பும் இருக்கே. துண்டு துண்டா ஃபிரேம் போட்டா நல்லா எடுப்பா இருக்கும். வாங்கணும்னு நினைக்கிறவங்களும் வாங்கலாம். ஆனா வெளியில குடுத்து வெட்ட எனக்குப் பயமா இருக்கு."

"எங்கிட்ட குடுங்க" என்றாள் அக்கா. "வெட்டுறது என் வேலைதானே."

அச்சகத்தில் மதிய வேலை முடிந்து எல்லோரும் போன பிறகு, மேஜையில் ரோலை விரித்தாள். எங்கே வெட்டுவது என்று கண்ணும் கருத்துமாகப் பார்த்தாள். ஒரு சட்டைக் கையும் துண்டாகக் கூடாது. பழைய பகுதியில் அம்மாவின் பூப்போட்ட நைட்டி அடிக்கடி வந்தது. அந்த இடங்களையெல்லாம் முழுசாக ஒரே பகுதியாக எடுத்து, இது விற்பனைக்கு இல்லை என்று தனியே வைத்தாள். பிற்பகுதி சுலபமாக இருந்தது. அங்கங்கே துணியே இல்லாத இடம் வந்தது. வெறும் கயிறு, அதில் எதையும் பிடிக்காத இரண்டு கிளிப்புகள். அந்த இடங்களில் இரண்டு பக்கமும் கத்தியை இறக்கினாள். நடுவில் இருந்த வெற்றுப் பட்டைகள் கழிவுக் கூடையில் விழுந்தன. மறுநாள் காலை கழிவு வண்டி வந்து அதைக் கூழ் ஆலைக்கு எடுத்துப்போயிற்று. துண்டுகளின் ஓரத்தில் விரலை ஓட்டிப் பார்த்தாள். வெண்ணெய்.

திறப்பு நாளன்று தம்பிக்குப் புதுச் சட்டை. கழுத்துப்பட்டை லேபிளை நூல்கூட மிச்சமில்லாமல் பிரித்தெடுத்துவிட்டுத்தான் போட்டுவிட்டாள். கண்காட்சிக் கூடத்தில் நல்ல கூட்டம். நுழைந்ததும் ஒரு முழுச்சுவரில், துணியில் ஆயிரக்கணக்கான பொத்தான்களைத் தைத்து உருவாக்கிய ஒரு மழை. அதைச் செய்த பெண் பக்கத்திலேயே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். காதில் பெரிய ஒலித்தடுப்பான். யாராவது மழையை நோக்கிக் கை நீட்டினால், "தொடாதீங்க" என்பாள், சிரிக்காமல், ஒவ்வொருவரிடமும் ஒரே குரலில். ஒரு பையன் ஈயக்கம்பியால் செய்த பறவைகள் கூரையிலிருந்து தொங்கின. அவற்றின் அலகுகூட அசையும். எல்லாமே பார்க்கப் பார்க்கத் தீராதவை. அக்காவுக்கு நெஞ்சு விம்மிற்று. இத்தனை பேர் இருக்கிறார்களா, இத்தனை வீடுகளில்.

தம்பி தன்னுடைய சுவரைப் பார்த்துவிட்டான்.

ஃபிரேம்கள் வரிசையாகத் தொங்கின. ஒவ்வொன்றின் கீழும் விளக்கு. அவன் முதல் ஃபிரேமின் முன் போய் நின்று, கயிற்றின் மேல் கண்ணாடியில் விரலை வைத்தான். விரல் கயிற்றோடு நகர்ந்தது. சட்டத்தின் ஓரம் வந்தது. விரல் சட்டத்தைத் தாண்டி, வெள்ளைச் சுவரில் இறங்கி, அங்கேயே நின்றுவிட்டது.

"அம்மா எங்க?" என்றான்.

இத்தனை வருஷத்தில் முதல்முறை. அக்கா அவன் தோளருகே குனிந்து, "அம்மா இல்லடா தம்பி. அம்மா செத்துட்டாங்க" என்றாள் மெதுவாக.

அவன் அதைத் திருப்பிச் சொல்லவில்லை. அடுத்த ஃபிரேமுக்குப் போனான். கயிற்றைத் தொடர்ந்தான். ஓரம் வந்தது. மறுபடி சுவரில் விரல். "அம்மா எங்க?" அடுத்ததற்குப் போனான். "அம்மா எங்க?"

நான்காவது இடைவெளியில்தான் அவளுக்குப் புரிந்தது. புரிந்தவுடனே, புரியாமலே இருந்திருக்கக் கூடாதா என்று தோன்றியது. கொடியில் அம்மாவின் நைட்டி தொங்கிய இடம் அது. அம்மா போன பிறகும் அவன் அந்த இடத்தை வேறு எந்தத் துணிக்கும் கொடுக்கவில்லை. இரண்டு கிளிப்புகளைப் போட்டு அவளுக்காகவே விட்டு வைத்திருந்தான். சித்தி கல் என்று சொன்ன நாளிலிருந்து, ஒவ்வொரு நாளும்.

அதைத்தான் அவள் கழிவுக் கூடையில் போட்டிருந்தாள்.

அதற்குள் சிலர் போனை உயர்த்திப் படம் பிடிக்கத் தொடங்கியிருந்தார்கள். "பாருங்க, தன் படைப்போட அவர் எப்படி உறவாடுறார்" என்று மைக்கில் சொன்னார் கண்ணாடிக்காரம்மா. கூட்டம் கை தட்டியது. அந்தச் சத்தத்தில் தம்பியின் தோள் குலுங்கியது. சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தான். ஒரு ஃபிரேமின் ஓரத்திலிருந்து சுவரின் மேலேயே கயிறு போடத் தொடங்கினான். ஒரு சாண்கூட ஓடவில்லை. காவலாளி வந்து கையைப் பிடித்தார்.

"சுவத்துல எழுதக் கூடாதுப்பா."

அவர் முரட்டுத்தனமாகப் பிடிக்கவில்லை. ஆனாலும் தம்பி பிடியிலிருந்து உருவிக்கொண்டு தரையில் விழுந்தான். காதைப் பொத்திக்கொண்டு முழங்காலுக்குள் தலையைப் புதைத்தான். புதுச் சட்டையின் தையல் விட்டது. கூட்டம் பின்வாங்கியது. அக்கா எத்தனையோ முறை பஸ்ஸில் பார்த்த அதே பின்வாங்கல்.

பொத்தான்காரி மட்டும் எழுந்து வந்தாள். தன் காதிலிருந்த ஒலித்தடுப்பானைக் கழற்றி, அவனைத் தொடாமல் அவன் முன்னால் தரையில் வைத்தாள். அவன் எடுத்து மாட்டிக்கொண்டான். பிறகு அவள் அக்காவைப் பார்க்காமல், அக்காவின் செருப்பைப் பார்த்துப் பேசினாள்.

"இது ஒரே படமா?"

"ஆமா."

"யார் வெட்டினது?"

"நான்தான்."

"அவரைக் கேட்டீங்களா?"

அக்கா வாயைத் திறந்தாள். எல்லாரும் பார்ப்பாங்க என்று அவன் சொன்னதைச் சொல்லலாம் என்று நினைத்தாள்.

"கேட்கல" என்று தானே பதில் சொல்லிக்கொண்டாள் பொத்தான்காரி. "கேட்டிருக்கணும்." அதில் கோபம் இல்லை. கோபமாக இருந்திருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம்.

கண்காட்சி முடிவதற்குள் நைட்டி இருந்த பகுதி தவிர எல்லாத் துண்டுகளும் விற்றுப்போயின. தரையில் விழுந்த கலைஞனின் வீடியோ ஊரெல்லாம் சுற்றியதும் ஒரு காரணம். அக்கா கண்ணாடிக்காரம்மாவிடம் போய் அழுதாள். அவரும் அழுதார். வாங்கியவர்களின் முகவரிகளைத் தந்தார். அக்கா வீடு வீடாக ஏறி இறங்கினாள். இரண்டு மூன்று பேர் விஷயத்தைக் கேட்டதும் கழற்றிக் கொடுத்துவிட்டார்கள். சிலர் கதவையே திறக்கவில்லை. ஒரு பல் டாக்டர் அவளைக் காத்திருப்பு அறையில் உட்காரவைத்து, பொறுமையாக எல்லாம் கேட்டார். எதிர்ச் சுவரில், ஃபிரேமுக்குள், கீழ்வீட்டுக்காரரின் ஓட்டைப் பனியன் தொங்கியது.

"தப்பா எடுத்துக்காதீங்க. இதைப் பார்த்தா என் பேஷண்ட்ஸுக்குப் பயம் குறையுது. குழந்தைங்க துணி எண்ணிட்டே இருக்காங்க. உங்க தம்பிக்கு இது பெருமைதானே?" என்றார். அவளால் அவரை வெறுக்கக்கூட முடியவில்லை.

கிடைத்த துண்டுகளை வீட்டில் தரையில் பரப்பி ஒட்டினாள். நடுவில் இல்லாமல் போன பட்டைகளுக்குப் பதிலாகப் புதுக் காகிதம் வெட்டி வைத்தாள். தம்பியின் பேனாவையே எடுத்து, அதில் கயிற்றைப் போட்டாள். இரண்டு கிளிப்புகளையும் போட்டாள். அவனைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

"பாருடா. அம்மா இடம். அக்கா திரும்பப் போட்டுட்டேன்."

தம்பி குனிந்தான். அவன் விரல் தன் கயிற்றின் மேல் வந்து, ஒட்டுப்போட்ட இடத்தைத் தொட்டதும் நின்றது. அவள் போட்ட கிளிப்பைக் கொஞ்சநேரம் பார்த்தான்.

"இது அக்கா" என்றான்.

எழுந்துபோய்விட்டான். திருப்பிச் சொன்ன சொல் அல்ல; அவனுடையதே. அவன் சொன்னது முழு உண்மை.

அதன்பிறகு அவன் வரையவில்லை. மூடியைத் திறக்காமல் பேனா காய்ந்துபோயிற்று. புதுப் பேனா வாங்கி வைத்தாள். அது இருந்த இடத்திலேயே இருந்தது. ரோல் கொண்டுவருவதை ஒருநாள் அவளும் நிறுத்தினாள். அவளால் முடிந்தவரை டாக்டர்களைப் பார்த்தாள். காத்திருங்கள் என்றார்கள். கட்டிங் மெஷினிலிருந்து மாற்றச் சொல்லிக் கேட்டாள். ஃபோர்மேன் காரணம் கேட்காமல் மடிப்புப் பிரிவில் போட்டார். அங்கே கத்தி இல்லை, அவ்வளவுதான்.

அடுத்த வருஷம் கண்ணாடிக்காரம்மா போன் செய்தார். "தம்பி புதுசா ஏதாவது பண்ணியிருக்காரா? எல்லாரும் அவரைத்தான் கேட்கிறாங்க."

"இல்லம்மா."

"கலைஞர்களுக்கு இடைவெளி வரும். கவலைப்படாதீங்க, திரும்ப வந்துடும்."

"வந்துடும்" என்றாள் அக்கா. தம்பி மாதிரியே சொல்கிறோம் என்பது போனை வைத்த பிறகுதான் உறைத்தது.

திரும்பிப் பார்த்தாள். தம்பி தன் மேஜையை ஜன்னலிலிருந்து இழுத்து, எதிர்ச் சுவரோடு ஒட்டிப் போட்டுக்கொண்டிருந்தான். கனமான மேஜை, தரையில் கீச்சிட்டது. வேலை முடிந்ததும் நாற்காலியைப் போட்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்தான். அவள் இன்னொரு நாற்காலியை எடுத்துக்கொண்டு போனாள். அவன் பக்கத்தில் போடவில்லை. கொஞ்சம் தள்ளி, அவனுக்குத் தொந்தரவு இல்லாத தூரத்தில் போட்டுக்கொண்டு, அதே சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள்.