பட்டியலில் இல்லாத தீவு

எட்டு மாதத்துக்கு முன்பு போன பார்சல் ஒரு செவ்வாய்க்கிழமை காலை திரும்பி வந்தது. அதை அனுப்பியவள் இறந்து நான்கு மாதம் ஆகியிருந்தது.

"ஒரு கையெழுத்து சார்," என்றார் தபால்காரர். "பாதி உலகத்தைச் சுத்திட்டு வந்திருக்கு. ரிடையர் ஆன பிறகுகூட நான் இவ்வளவு தூரம் போக மாட்டேன்."

சிரிக்க வேண்டிய இடம் என்று அவனுக்குத் தெரிந்தது. சிரிப்பு வரவில்லை. கையெழுத்தைப் போட்டுக் கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்தினான்.

பெட்டியின் மூலைகள் நசுங்கியிருந்தன. மேலே ஐந்து முத்திரைகள். ஒரு சீட்டில் 'உரியவர் கேட்டு வாங்கவில்லை' என்பதற்கு எதிரே டிக் அடித்திருந்தார்கள். அனுப்புநர் இடத்தில் அவன் மனைவியின் கையெழுத்து. பிரவுன் டேப்பின் ஓரமெல்லாம் பல்லால் கடித்துக் கிழித்தது. கத்தரிக்கோல் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தாலும் அவள் பல்லைத்தான் நம்புவாள்.

பெறுநர் அவளுடைய அக்கா. முந்நூறு பேர் வாழும் ஒரு தீவுக்கு அவள் ஒருத்திதான் நர்ஸ். அங்கே விமானம் இறங்காது. வருடத்துக்கு நான்கு கப்பல். தங்கை இறந்தபோது கப்பல் போய் ஆறு நாள் ஆகியிருந்தது. அக்காவால் முகத்தைப் பார்க்கக்கூட வர முடியவில்லை.

அவன் போன் செய்தான். அந்த லைனில் ஒவ்வொரு பேச்சும் இரண்டு வினாடி தாமதித்துத்தான் போய்ச் சேரும்.

"இங்க வரும் வரும்னு நான் படகுத்துறையில காவல் காத்துட்டிருக்கேன், அது அங்க வந்திருச்சா?" என்றாள் அக்கா. "பிரிச்சிட்டீங்களா தம்பி?"

"இல்லக்கா."

"பிரிக்காதீங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள உங்க ஊரை விட்டுக் கிளம்பினாத்தான் அடுத்த கப்பலைப் பிடிக்கும். இல்லைன்னா அஞ்சு மாசம். அவ கட்டின மாதிரியே அனுப்பிருங்க. அவ கை பட்டது ஒண்ணாவது என் கைக்கு வரட்டும்."

"சரிக்கா."

மறுநாள் தபால் நிலையத்தில் வெளிநாட்டுப் பார்சல் கவுண்டரில் இருந்த பெண் கொண்டையில் பேனாவைச் செருகியிருந்தாள். பெட்டியைப் பார்த்ததும் அவள் முகம் சுருங்கிவிட்டது.

"அட, இதுவா! மேடம் வரலையா?"

"இல்ல."

"கோவமா இருப்பாங்க. நியாயம்தான். தப்பு என்மேல சார். கம்ப்யூட்டர்ல நாடு தேர்ந்தெடுக்காம பில் வராது. இந்தத் தீவு லிஸ்ட்லயே கிடையாது. அதனால அதை ஆளுற நாட்டைப் போட்டுட்டேன். கப்பல் அங்கேருந்து போகாது, தீவுக்குப் பக்கத்து நாட்டுத் துறைமுகத்துலேருந்துதான் போகும்னு மேடம் அப்பவே சொன்னாங்க. 'எங்களுக்குத் தெரியாதாம்மா'ன்னு கேட்டேன்." பெட்டியின் நசுங்கிய மூலையைத் தடவினாள். "தெரியலை."

ஆக, கிழக்கே போக வேண்டியதை மேற்கே ஏற்றிவிட்ட கதை. ஆளும் நாட்டின் தலைநகரில் ஏதோ ஓர் அலமாரியில் மூன்று மாதம் குந்தியிருந்துவிட்டு, கேட்க நாதியில்லாமல் வந்த வழியே திரும்பியிருக்கிறது.

அவள் தடிமனான கோப்பு ஒன்றை இறக்கினாள். பழைய சுற்றறிக்கைகளைப் புரட்டினாள். வெளிநாட்டுத் தபால் பிரிப்பகத்துக்குப் போன் போட்டாள். மூன்று பேர் கைமாறி நான்காவது ஆளுக்கு விஷயம் தெரிந்திருந்தது. கம்ப்யூட்டரில் துறைமுக நாடு, பெட்டியின்மேல் தீவின் பெயர், அதற்கு மேலே 'கப்பல் வழி' என்று கொட்டை எழுத்தில்.

"கடல்ல இருக்கிற தீவு கம்ப்யூட்டர்ல இல்லைன்னா அது தீவோட தப்பா?" என்றபடி பெட்டியைத் தராசில் வைத்தாள். "ஆத்துல போட்டாலும் அளந்து போடணும்பாங்க. கடல்ல போடறதைச் சும்மா விடுவாங்களா? நாலு கிலோ இருநூறு. சரி, உள்ள என்ன இருக்கு?"

"பழைய படிவத்துல இருக்கே."

"'துணிமணி, பரிசு'ன்னு இருக்கு. இப்ப அப்படி எழுதினா எடுக்க மாட்டாங்க. ஒவ்வொண்ணா எழுதணும். அந்தத் தீவுல விதை, தேன், பேட்டரி எதுவும் இறங்கக் கூடாது. மேடத்துக்கு ஒரு போன் போட்டுக் கேளுங்களேன்."

"அவ இறந்துட்டா."

விலாசம் சொல்வதைப் போலத்தான் சொன்னான். நான்கு மாதமாக இதை எல்லோரிடமும் இப்படித்தான் சொல்லிவந்தான்.

அவள் கொண்டையிலிருந்து பேனாவை உருவினாள். திரும்பவும் செருகினாள். பிறகு 'மூடப்பட்டுள்ளது' பலகையைக் கவுண்டரில் நிறுத்தி, பக்கவாட்டுக் கதவைத் திறந்து அவனை உள்ளே கூப்பிட்டாள்.

"ஏம்மா, வரிசையில நிக்கிறவங்க மனுஷங்களாத் தெரியலையா?" என்று ஒருவர் கத்தினார்.

"தெரியுது. பக்கத்துக் கவுண்டருக்குப் போங்க."

உள்ளே தபால் பைகளுக்கு நடுவே ஒரு நீள மேசை. அதன்மேல் பெட்டி.

"பிரிக்காம அனுப்ப முடியாதா?" என்றான். "அவங்க அக்கா கேட்டாங்க."

"பழைய லிஸ்டையே பார்த்து ஏதாவது எழுதி ஒட்டிடலாம் சார். ஆனா துறைமுகத்துல பிரிச்சுப் பார்ப்பாங்க. ஒரு விதை இருந்தாலும் மொத்தமும் நின்னுடும், கப்பல் போயிடும். போன தடவை மாதிரி எனக்குத் தெரியும்னு இந்தத் தடவை சொல்ல மாட்டேன். நீங்களே சொல்லுங்க."

முகம் தெரியாத ஒருவன் கத்தியால் அந்த டேப்பைக் கீறுவதை அவன் நினைத்துப் பார்த்தான். பிறகு நகத்தால் மெதுவாக நெம்ப ஆரம்பித்தான். கடித்த ஓரம் சிதையாமல் டேப்பை உரித்தெடுக்கக் கால் மணி நேரம் ஆனது. அவள் அவசரப்படுத்தவில்லை.

அவன் எடுத்துச் சொல்லச் சொல்ல அவள் எழுதினாள். பருத்தி நைட்டி இரண்டு. படிக்கும் கண்ணாடி ஒன்று. குக்கர் கேஸ்கட் மூன்று. ஹேர்பின் ஒரு அட்டை. கம்பளி சாக்ஸ் நான்கு ஜோடி.

ஒரு சாக்ஸ் மட்டும் கனத்தது. கையை விட்டான். கீரை விதைப் பொட்டலம்.

"அடிப்பாவி!" என்றாள் கவுண்டர் பெண். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள். "மன்னிச்சிடுங்க சார்."

"பரவாயில்ல. அடிப்பாவிதான்."

பொட்டலத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். பெட்டியின் அடியில் சாம்பல் நிற ஸ்வெட்டர். அவனுடையது. போன குளிர்காலம் முழுக்கத் தேடியது. அவளும் கூடவே கட்டிலுக்கு அடியில் குனிந்து தேடினாள். 'உங்க பொருளை நீங்கதானே பத்திரமா வச்சுக்கணும்' என்று திட்டவும் செய்தாள்.

இருமல் மாதிரி ஏதோ வந்தது. அது சிரிப்பு என்று தெரிந்துகொள்ள அவனுக்கே கொஞ்ச நேரம் பிடித்தது.

"உங்களுதா? எடுத்துக்கிறீங்களா?"

முகத்தருகே கொண்டுபோனான். எட்டு மாத ஈரத்தின் வாடைதான் இருந்தது. மடித்து உள்ளே வைத்தான்.

"எழுதுங்க. ஆண்கள் ஸ்வெட்டர், ஒன்று. பயன்படுத்தியது."

பழைய டேப்பை அதன் தடத்திலேயே பொருத்தி அழுத்தி, அதற்கு மேல் புது டேப்பை ஒட்டினான். படிவத்தில் அனுப்புநர் இடத்தில் தன் பெயரை எழுதினான். கடைசியில் இரண்டு கட்டங்கள். சேர்ப்பிக்க முடியாவிட்டால்: திருப்பி அனுப்புக, கைவிடுக. அவன் பேனா இரண்டாவதற்குப் போனது. இன்னொரு நாள் காலையில் இதை வாங்கிக்கொண்டு தன்னால் கதவைச் சாத்த முடியாது.

"சார்," என்றாள் அவள். "அதுல டிக் போட்டா அங்கேயே அழிச்சுடுவாங்க. அடுத்த வருஷம் திரும்பி வந்தா வாங்க வீட்ல ஆள் இருக்க மாட்டாங்களா?"

அடுத்த வருடத்தைப் பற்றி யாரும் அவனிடம் கேட்டதில்லை. அவனும் யோசித்ததில்லை.

"இருப்பேன்," என்று முதல் கட்டத்தில் டிக் அடித்தான்.

வெளியே படிக்கட்டில் நின்று அக்காவை அழைத்தான்.

"போயிருச்சுக்கா. ஆனா பிரிக்க வேண்டியதாப் போச்சு."

இரண்டு வினாடி. அதற்கு மேலும் இரண்டு.

"விதை இருந்துச்சா?"

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நான்தான் தம்பி கேட்டேன். கீரையைக் கண்ணால பார்த்து மூணு வருஷம் ஆச்சு, சாக்ஸுக்குள்ள வைடின்னேன்." மூக்கை உறிஞ்சினாள். "மாட்டிக்கிட்டாளா?"

"மாட்டிக்கிட்டா. அதுமட்டுமா, அடியில என்ன வச்சிருந்தா தெரியுமா..."

அவன் பேச்சு போய்ச் சேர்வதற்குள் அவள் குரல் குறுக்கே வந்தது.

"மத்ததைச் சொல்லிடாதீங்க தம்பி. கப்பல் வரட்டும்."