அடுக்களைக்குப் போட்ட முக்காடு

என் அப்பா விட்டுப்போன வீட்டை இடித்து அதே மனையில் ஐந்து மாடி எழுப்பினார்கள். எங்கள் பங்குக்குக் கிடைத்த வீட்டில் அடுக்களைக்குச் சுவரே இல்லை.

"சுவரை மறந்துட்டீங்களா?" என்று கட்டடக்காரரிடம் கேட்டேன்.

"இப்ப தெஹ்ரான் முழுக்க இப்படித்தான் கானூம். ஓப்பன் கிச்சன்!"

ஈராக்கோடு போர் முடிந்ததிலிருந்து ஊரே முற்றத்தை மூடி மாடி கட்டிக்கொண்டிருந்தது. தெருவில் முக்காடு விலகி நெற்றிமுடி தெரிந்தால் ரோந்துக்காரன் வண்டியை நிறுத்துவான். வீட்டுக்குள்ளேயோ என் எண்ணெய்ச் சட்டி வரைக்கும் விருந்தாளிக்குத் தரிசனம். என்ன கூத்தோ!

என் கணவர் ஜம்ஷீத் அதில் சொக்கிப்போய்விட்டார். சோபாவில் சாய்ந்தபடியே என்னோடு பேசலாமாம். நான் கடைவீதிக்குப் போய்த் தடித்த துணி வாங்கி வந்து குறுக்கே திரை கட்டினேன்.

"அடுக்களைக்கும் முக்காடாம்மா?" என்றாள் மகள் தரானே.

சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் திரையை எடுக்கவில்லை. அவளைப் பெண் பார்க்க வரப்போகிறார்கள். பையன் ஆரஷ், அவள் வேலை பார்க்கும் மருந்துக் கம்பெனியிலேயே இருப்பவன். அவன் பேரைச் சொன்னாலே இவள் முகம் சிவக்கிறது. அப்பா இல்லாத பையன். அவன் அம்மா மெஹ்ரி கானூம் வைத்ததுதான் அங்கே சட்டம், பழைய காலத்து மனுஷி என்று கேள்வி. பெரியவர்கள் பேசி முடிக்கும்வரை பெண் அடுக்களைக்குள் இருக்க வேண்டும், கூப்பிட்ட பிறகே தேநீர்த் தட்டோடு வர வேண்டும். அதில் ஏதாவது பிசகி இந்தச் சம்பந்தம் கைநழுவினால் என் பெண்ணின் முகத்தை நான் எப்படிப் பார்ப்பேன்?

என்னைப் பெண் பார்த்தது இதே மனையில்தான். அப்போது அடுக்களை முற்றத்துக்கு அந்தப் பக்கம், படியிறங்கிப் போகிற நிலவறையில் இருந்தது. சமோவாரில் தண்ணீர் கொதிக்கும் சத்தம் தவிர எதுவும் காதில் விழாது. என்னைக் கூப்பிட்டபோது எல்லாம் பேசி முடித்திருந்தார்கள்.

பூங்கொத்தும் இனிப்புப் பெட்டியுமாக அவர்கள் வந்தார்கள். வெயில், வாகன நெரிசல், மாடி வீட்டுக்காரனின் சத்தம் என்று சுற்றி வளைத்துப் பேசிவிட்டு மெஹ்ரி கானூம் விஷயத்துக்கு வந்தார்.

"எங்க வீட்டுல ஒரு குறையும் கிடையாது. கல்யாணத்துக்கப்புறம் பொண்ணு வேலைக்குப் போகணும்னு இல்ல. நின்னுக்கலாம்."

"உங்க இஷ்டம்தான் கானூம்," என்று ஜம்ஷீத் உபசாரமாகச் சொல்ல வாயெடுத்தார்.

"நான் நிக்க மாட்டேன்!" என்றது திரை.

தரானே திரையை விலக்கிக்கொண்டு தட்டோடு வந்து நின்றாள். வந்த வேகத்தில் தேநீர் தட்டெல்லாம் சிந்தியிருந்தது.

"மன்னிச்சுக்குங்க கானூம். இவ்வளவு பக்கத்துல இருந்துக்கிட்டுக் காது கேக்காத மாதிரி நடிக்க எனக்கு வரலை. வேலையை விட மாட்டேன். ஆரஷுக்கும் தெரியும்."

ஆரஷ் கம்பளத்தைப் பார்த்தபடி, "தெரியும்மா," என்றான்.

மெஹ்ரி கானூம் என் பக்கம் திரும்பினார். "இந்தத் துணி எதுக்கு இங்க?"

"நான்தான் கட்டினேன்…"

"கழட்டிடுங்க. எல்லாரும் சொல்றதைத்தான் நானும் சொல்லி வெச்சேன். என் மூத்த பொண்ணைப் பார்க்க வந்தவங்க இதையே சொன்னப்போ, அவ தலையாட்டிட்டு வேலையை விட்டா. இப்ப போன் பண்ணும்போதெல்லாம் அழறா. அன்னைக்கு ஒரு சத்தம் போட்டிருக்கக் கூடாதா?" கண்ணைத் துடைத்துக்கொண்டார். "டீயைக் குடும்மா, ஆறிடப்போகுது. பாதியைத்தான் தட்டு குடிச்சிடுச்சே!"

சந்தோஷத்தில் நானும் அழுதேன். இனிப்புப் பெட்டியை ஆரஷே திறந்தான்.

அவர்கள் போனதும் தரானே திரையைக் கழற்றிப்போட்டாள். இருவருமாகக் கண்ணாடிக் குவளைகளைக் கழுவினோம். கூட்டிக் கழித்துப் பார்த்தால் எல்லாம் நல்லபடியாக முடிந்திருந்தது. ஆனாலும் மனசு கேட்கவில்லை.

"என்னைப் பொண்ணு பார்க்க வந்தப்போ எனக்கு டீச்சர் டிரெயினிங்ல இடம் கிடைச்சிருந்துச்சுடி," என்றேன் மெதுவாக. "போகணும்னு உசிரா இருந்தேன்."

சோபாவில் ஜம்ஷீத் செய்தித்தாளை இறக்கினார்.

"இத்தனை வருஷமா எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே! அன்னைக்கே கேட்டிருந்தா நான் வேணாம்னா சொல்லியிருப்பேன்?"

"அன்னைக்கு நீங்க எங்கப்பாகிட்ட வேணாம்னு சொன்னப்போ," என்றேன், "எனக்குத்தான் கேக்கலை. அடுக்களை தூரமா இருந்துச்சு."