குலம் கேட்காத சங்கம்

1

இந்தக் கதையை ஒரு சாலைத் தடுப்பில் தொடங்கினேன். கையில் பேனா இல்லை. தொண்ணூற்றொன்றாம் ஆண்டு, உள்நாட்டுப் போருக்குத் தப்பி மொகதிஷுவிலிருந்து தெற்கே ஓடிக்கொண்டிருந்தோம். துப்பாக்கி வைத்திருந்தவன், "நீ யார் ஆளு?" என்று கேட்டான். என் பெயர், அப்பா பெயர், தாத்தா பெயர், அவருடைய அப்பா பெயர் என்று ஒப்பித்தேன். பத்தாவது பெயரில் என் குலம் தெரிந்ததும் கையசைத்து விட்டுவிட்டான். எனக்குப் பின்னால் நின்றவர் அப்பாவின் பழைய மாணவர். "சோமாலி" என்று மட்டும் சொன்னார். அவரை ஒரு மரத்தின் பக்கம் கூட்டிப்போனார்கள். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

அந்த ஒற்றைச் சொல்லை அவருக்குக் கற்றுக்கொடுத்தவர் என் அப்பா. அந்தப் பத்துப் பெயர்களை எனக்குக் கற்றுக்கொடுத்தவள் என் அம்மா, அப்பாவுக்குத் தெரியாமல்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

"ஐம்பதுகளில் மெர்கா நகரில், விடுதலை இயக்கத்தின் சிந்தனையை வடிவமைத்தவர்களில் ஒருவரான ஆசிரியர் சமதர்..."

(அடித்துவிட்டேன். இந்த மாதிரிப் புத்தகங்கள் நிறைய வந்துவிட்டன. அவற்றில் அப்பாவுக்கு நான்கு வரி கிடைக்கும், அம்மாவுக்கு ஒன்றும் கிடைக்காது.)

பிறகு: "அம்பரோ தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்." இதுவே இருக்கட்டும். அம்பரோ என் அம்மா. ஆனால் அம்மா என்று எழுதினால் அவள் பக்கம் சாய்ந்துவிடுவேன். அதனால் பெயர். அப்பாவும் இங்கே சமதர்தான்.

அம்பரோ தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். முன்னறையில் விடுதலைச் சங்கத்துக்காரர்கள் இருபது பேர். சங்கத்தில் சேருகிறவன் குர்ஆன் மீது கைவைத்து ஒரு சத்தியம் செய்ய வேண்டும்: யாருடைய குலத்தையும் கேட்க மாட்டேன், என் குலத்தைச் சொல்லவும் மாட்டேன்.

"தொழுகை வரிசையில பக்கத்துத் தோளைப் பார்த்து நம்ம தோள் குலம் கேக்குதா?" என்றார் சமதர். "கேக்கல. வெளிய வந்து செருப்பை மாட்டினதும்தான் நமக்குக் குலம் ஞாபகம் வருது. இத்தாலிக்காரன் போறதுக்கு முன்னாடி அந்த வியாதி போகணும்."

"அது சரி வாத்தியாரே," என்றார் தேநீர்க்கடை ஹிலோவ்லே. அவர் சங்கத்தில் சேராதவர், கேலி செய்வதற்கென்றே வருகிறவர். "இப்ப நீங்க எல்லாரும் சோமாலி. ஒத்துக்கறேன். முன்னாடி என்னவா இருந்தீங்க?"

எல்லோரும் சிரித்தார்கள். அதிகம் சிரித்தவன் சிர்வா. முப்பது வயது, பாலைநிலத்திலிருந்து வந்தவன், மேடைப் பேச்சில் சமதருக்கு அடுத்தவன். "முன்னாடி ஒட்டகமா இருந்தேன் ஹிலோவ்லே. உங்க கடைத் தண்ணியக் குடிச்சுத்தான் மனுசனானேன்."

3

சிர்வாவைப் பற்றி எனக்கு ஒரு சந்தேகம். இவ்வளவு நல்லவனாக அவன் இருந்திருப்பானா? இறந்தவர்களை நாம் துடைத்துத் துடைத்து வைக்கிறோம். சோம்பேறியாக இருந்தான் என்றும், கடன் வாங்கிய சட்டையைத் திருப்பித் தர மாட்டான் என்றும் அம்பரோ ஒருமுறை சொன்னாள். அதையும் எழுதிவிடுகிறேன்.

ஒருமுறை அவனுக்கு மலேரியா கண்டது. அம்பரோ அவனைத் தன் வீட்டிலேயே வைத்துப் பார்த்தாள். நண்பகல் வெயிலில் அவன் உடம்பு கட்டிலோடு சேர்ந்து ஆடியது. பிதற்றினான். என்ன பிதற்றல் என்று குனிந்தாள். பெயர்கள். ஒட்டகம் மேய்க்கும் தாய்மார் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் அந்த வரிசை. ஏழாவது பெயர், எட்டாவது பெயர். ஒன்பதாவதில் அவன் எந்தக் குலம் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஈரத்துணியை அவன் வாய் மேல் போட்டாள்.

(குலத்தின் பெயரை இங்கே எழுதியிருந்தேன். எடுத்துவிட்டேன். எழுதினால் எங்கள் ஊர் வாசகர்களில் பாதிப்பேர் கதையை விட்டுவிட்டுப் கட்சி பிரிந்துவிடுவார்கள்.)

அவள் கேட்கவில்லை. அவன் சொல்லவுமில்லை. சத்தியம் முறியவில்லை. ஆனால் தெரிந்த ஒன்றை ஒரு மனுஷி எங்கே கொண்டுபோய் வைப்பாள்?

4

பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பிறகு சந்தையில் நடந்த கூட்டத்தில் கைகலப்பு. ஒரு துறைமுகத் தொழிலாளி சிர்வாவின் விலாவில் கத்தியை இறக்கினான். காவலர்கள் அவனைப் பிடித்துக்கொண்டார்கள். அவன் அம்பரோவின் குலம், தூரத்துப் பங்காளி. ஊருக்கே தெரியும்.

எங்கள் பக்கத்தில் பழி என்று வந்தால் கொன்றவனைத் தேட மாட்டார்கள். அவன் குலத்தில் நல்ல ஆண்பிள்ளையாகப் பார்த்து உயிரை எடுப்பார்கள். அம்பரோவுக்கு மெர்காவிலேயே மூன்று தம்பிகள். மூவரும் நல்ல பிள்ளைகள்.

சிர்வாவின் உடலை வெள்ளைத்துணி சுற்றிக் கிடத்தியிருந்தபோது சமதர் கேட்டார், "இவனோட ஆளுங்க யாருன்னு யாருக்காவது தெரியுமா? தாய்க்குச் சொல்லி அனுப்பணும்."

தெரியாது என்று தலையசைத்தார்கள். தெரியாதது அவர்களுக்குப் பெருமையாக இருந்தது. சமதரின் கண் நனைந்தது. "பாத்தீங்களா? ஒருத்தருக்கும் தெரியல. நாம ஜெயிச்சுட்டோம்."

கதவுக்குப் பின்னால் அம்பரோ நின்றிருந்தாள். நாக்கின் நுனியில் ஒன்பது பெயர்கள்.

அவள் ஏன் வாய் திறக்கவில்லை? சங்கத்துக்காகவா, தம்பிகளுக்காகவா? இந்த இடத்தில் "நாட்டுக்காக அவள்" என்று ஒரு வாக்கியம் தொடங்கி மூன்று வருடமாக அது அப்படியே

(முடியவில்லை. விட்டுவிடுகிறேன்.)

அடக்கம் செய்த இடத்தில் சமதர் பேசிய பேச்சைத்தான் பிற்பாடு புத்தகங்களில் போட்டார்கள். "இவன் சோமாலி. வேறெதுவும் இல்லை." பத்து வருடத்துக்குள் விடுதலையும் வந்தது.

5

நான்கு மாதம் கழித்து நடந்ததை அம்பரோ தன் எழுபதாம் வயதில் என்னிடம் சொன்னாள். சோளமாவு பிசைந்துகொண்டே, நான்கு வாக்கியத்தில்:

"ஒரு கிழவி வந்தா. தண்ணி குடுத்தேன். கேட்டா. போயிட்டா."

மூன்றாவதுக்கும் நான்காவதுக்கும் நடுவில் என்ன என்று கேட்டேன். "மாவு இறுகிடுச்சு, தண்ணிய எடு," என்றாள்.

ஆகவே மீதி என் கற்பனை. சமதர் தலைநகருக்குப் போயிருந்தார். கிழவியின் பாதங்களில் உப்புமண். ஆறு நாள் நடை.

"ஏம்மா, சிர்வான்னு ஒருத்தன் இங்க பேசுவானாமே. நல்லாப் பேசுவான்னு ஒட்டக வியாபாரிங்க சொன்னாங்க. என் மகன்தான். சின்னதுல வாயே மூட மாட்டான்."

அம்பரோ தண்ணீர் கொடுத்தாள். அவள் முகத்தைப் பார்த்த கிழவி பாதியில் குடிப்பதை நிறுத்தினாள். குவளையைத் தரையில் வைத்தாள்.

"எதுலம்மா போனான்? காய்ச்சலா?"

ஒரு பிரதியில் அம்பரோ "ஆமா, காய்ச்சல்" என்கிறாள். கிழவி அழுதுவிட்டுப் போகிறாள். தம்பிகள் பிழைக்கிறார்கள், சங்கம் பிழைக்கிறது. அந்தப் பிரதியை வாசித்தபோது எனக்கு என் அம்மாவைப் பிடிக்கவில்லை.

இன்னொரு பிரதியில் உண்மையைச் சொல்கிறாள், கொன்றவனின் குலத்தையும், அது தன் குலம் என்பதையும். அப்படியென்றால் ஆட்கள் வந்திருக்க வேண்டும். யாரும் வரவில்லை. என் மூன்று மாமன்களும் கிழவர்களாகித்தான் செத்தார்கள். அப்படியானால் அந்தத் தாய் ஆறு நாள் திரும்பி நடந்து, தன் ஆண்களிடம் "காய்ச்சல்" என்று சொல்லியிருக்கிறாள். அந்தப் பிரதி உண்மையென்றால், இந்த நாட்டைச் செய்தவர்கள் பட்டியலில் ஒரு பெயர் குறைகிறது. அந்தப் பெயர் எனக்குத் தெரியாது. அம்பரோ கேட்டிருக்க மாட்டாள்.

எது நடந்தது என்று நான் எழுதப்போவதில்லை. அம்பரோ வாய் திறக்கும் இடம் வரை கொண்டுவந்துவிட்டேன். அங்கே சொல்லை நீங்கள் வையுங்கள். கொஞ்சம் யோசித்து வையுங்கள். ஏனென்றால் எதைச் சொன்னாலும் அந்தக் கிழவி நம்பிவிடுவாள்.