விசாலாட்சி வச்ச பந்தி

மெட்ராசுலருந்து ஒரு பொம்பளை வந்து எங்களுக்குப் பாடம் நடத்தப்போகுதுன்னு சூப்பிரண்டு சூசைமுத்து சொன்னப்பவே எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. அட்டுவம்பட்டி முதியோர் இல்லத்துல, ஞாபகம் அழிஞ்சுபோன கெழடுகளுக்குன்னே ஒரு வார்டு உண்டு. அங்க ஆயா வேலை எனக்கு. குளிப்பாட்டுறது, ஊட்டுறது, பீத்துணி அலசுறது எல்லாம் நாந்தான். மார்கழிக் குளிருல கை வெடிச்சு ரத்தம் வரும். இதுல புதுசா என்னத்தப் படிக்கணும் நான்?

வந்தவ பேரு லீலா. லண்டன்ல நர்சு படிப்பு படிச்சவ, என்னையவிட வயசு கம்மி. வந்த அன்னைக்கே, "குப்பம்மா, இவங்களை நோயாளின்னு பாக்காதீங்க, ஆளாப் பாருங்க. இதுக்கு முன்னால எப்படி வாழ்ந்தாங்கன்னு தெரிஞ்சாத்தான் இப்ப பாத்துக்க முடியும்"னா. சரிங்க மிஸ்னேன். கட்டில்ல கட்டி வைக்கக் கூடாது, மூக்கைப் புடிச்சு ஊட்டக் கூடாது, அவங்க தலைக்கு மேல நின்னுக்கிட்டு அவங்களப் பத்தியே பேசக் கூடாது. இப்படிக் கூடாது கூடாதுன்னு சொல்றதுக்கு மெட்ராசுலருந்து ஒரு ஆளு.

வாய் கிழியப் பேசுறவளுக்கு விசாலாட்சியக் காட்டுவோம்னு கூட்டிக்கிட்டுப் போனேன். பழனிக்காரி. மருமகளால ஏலலன்னு மகன் ஞானவேல் கொண்டாந்து விட்டுட்டுப் போன கெழவி. சோத்தைக் கண்டாலே தட்டைத் தள்ளிவிடுவா. நான் கிட்டப் போனா, "அங்கிட்டுப் போ, அங்கிட்டுப் போ"ம்பா. ஒடம்புல எலும்புதான் மிச்சம். இப்படியே போனா மதுரைக்கு அனுப்பி மூக்குல குழாய் சொருகணும், இல்லன்னா செத்துருவான்னு டாக்டர் சொல்லிட்டாரு. "இவளச் சாப்பிட வைங்க மிஸ், அப்புறம் பாடம் நடத்துங்க"ன்னேன்.

லீலா கோவப்படல. பழனிக்குப் போனைப் போட்டு ஞானவேலை வரச் சொன்னா. பஞ்சாமிர்தக் கடை வச்சிருக்கிற ஆளு, கடைய அடைச்சிட்டு வந்தான். அவனைப் பாத்து, "நீங்க யாரு வீட்டுப் பிள்ளை?"ன்னு கேட்டா கெழவி. பாவம், அவன் மொகம் செத்துப்போச்சு. லீலா அவன உக்கார வச்சு ஒவ்வொண்ணாக் கேட்டா. அடிவாரத்துல அவங்களுக்கு ஒரு மடம் இருந்துச்சாம். பூசத்துக்கு நடந்து வர்றவுகளுக்கு இவ கையாலதான் சோறு. கடைசிப் பந்தி எந்திரிக்கிற வரைக்கும் பச்சத்தண்ணி பல்லுல படாதாம். கல்யாணம் ஆகி வந்ததுலருந்து அப்படித்தான் பழக்கமாம்.

"அப்ப அவங்களுக்குப் பசிக்காம இல்ல. பந்தி முடியலன்னு காத்துக்கிட்டு இருக்காங்க"ன்னா லீலா. அது எனக்குத் தோணவே இல்லதான். பொய் சொல்ல மாட்டேன், அன்னைக்கு அவ மேல கொஞ்சம் மதிப்புக்கூட வந்துச்சு.

மறுநா மத்தியானம் வார்டுல பந்தி. தரையில பாயப் போட்டு லீலா உக்காந்தா, சூசைமுத்து உக்காந்தாரு, பக்கத்துல நானு. சோத்துச் சட்டி, கரண்டி, தண்ணிச் செம்பு எல்லாத்தையும் விசாலாட்சி பக்கத்துல வச்சோம். அம்மாடி, கெழவி எந்திரிச்ச எந்திரிப்பப் பாக்கணுமே. முந்தானைய இழுத்துச் சொருகிக்கிட்டு, "சாமி, மெல்லச் சாப்பிடுங்க"ன்னு லீலாவுக்கு எல போட்டு, சோறு வச்சு, டம்ளர்ல தண்ணி ஊத்துனா. சூசைமுத்துவுக்கும் அப்படியே. என்கிட்ட வந்தா. நின்னா. என்னைய ஏற எறங்கப் பாத்தா.

"எந்திரி. வாசலுக்கு அங்கிட்டுப் போயி உக்காரு."

என்ன சாதின்னு என் பேச்சுல கண்டுபிடிச்சாளோ, காலையில பீத்துணி அள்ளுறவ நாந்தான்னு மண்டையில நின்னுச்சோ, தெரியல. பெத்த மகன் மொகம் மறந்துபோச்சு, இது மறக்கல. லீலா கண்ணைக் காட்டுனா, போங்கன்னு. போயி வாசலுக்கு அங்கிட்டு உக்காந்தேன். கெழவி வந்தா. எலையில சோத்தை ஒசரத்துலருந்து போட்டா. அப்புறம் செம்பைத் தூக்கிப் புடிச்சுக்கிட்டு, "கையேந்து"ன்னா. என்ன செய்யுறோம்னு தெரியிறதுக்குள்ள என் ரெண்டு கையும் சேந்து நீண்டுருச்சு. தண்ணி முழங்கை வழியா மடியில ஊத்துச்சு.

அதுக்கப்புறம் போயி உக்காந்து ஒரு தட்டுச் சோறு தின்னா விசாலாட்சி. சூசைமுத்து கண்ணுல தண்ணி. லீலாவுக்கு ஒரே சந்தோசம். "பாத்தீங்களா குப்பம்மா?"

"பாத்தேன். நாளையிலருந்து நான் உக்கார மாட்டேன்."

"அவங்க வேணும்னு செய்யல. அது நோய்."

"நோயி வந்தப்பவா மிஸ் இது வந்துச்சு? எங்க தாத்தன் இப்படிக் கையேந்திக் குடிக்க மாட்டேன்னுதான் கண்டிச் சீமைக்குக் கப்பலேறுனாரு. தேயிலைத் தோட்டத்து லயத்துல கெடந்து அட்டைக்கு ரத்தங் குடுத்தாலும் பீலிக் குழாயில வர்ற தண்ணிய நாங்களே புடிச்சுக் குடிச்சோம். ரெண்டு நாட்டுச் சர்க்காரும் கையெழுத்துப் போட்டு எங்கள இங்க திருப்பி அனுப்புனது இதுக்குத்தானா?"

"ஒரு கை தண்ணி குப்பம்மா. அவங்க உயிர் அதுல இருக்கு"ன்னா லீலா.

"அவங்கள ஆளாப் பாக்கணும்னு சொன்னீங்க. என்னைய?"

"நீங்க ஸ்டாஃப்"னா.

இந்த ஒரு வார்த்தைக்கு அவள நான் இன்னைக்கு வரைக்கும் மன்னிக்கல. ரெண்டு நாள் அவளும் சூசைமுத்துவும் உக்காந்தாங்க, கெழவி தின்னா. மூணாம் நாள் லீலா பஸ் ஏறிட்டா. சூசைமுத்து எனக்குச் சோலி கெடக்குன்னு ஆபீசுக்குள்ள போயிட்டாரு. வார்டுல பந்திக்கு உக்கார என்னைய விட்டா ஆளில்ல.

உக்காந்தேன். வாசலுக்கு அங்கிட்டு இல்ல, வார்டுக்கு நடுவுல. எல போட்டு, கையில டம்ளரைப் புடிச்சுக்கிட்டு உக்காந்தேன்.

"எந்திரி"ன்னா.

"மாட்டேன். இதுல ஊத்துங்கம்மா."

செம்பைப் புடிச்சுக்கிட்டு அப்படியே நின்னா. நானும் டம்ளரை எறக்கல. கடைசியில செம்பைக் கீழ வச்சுட்டுப் போயி செவுத்தப் பாத்துப் படுத்துக்கிட்டா. அன்னைக்கு அவளும் சாப்பிடல, நானும் சாப்பிடல. மறுநாளும் அதே கூத்து. சூசைமுத்து வந்து கத்துனாரு. "ஒரு கை தண்ணிக்காக ஒரு உசுரக் கொல்லுவியா நீ?"

"இதையே அவங்ககிட்டயும் கேளுங்க சார்"னேன்.

வாய்தான் அப்படிப் பேசுச்சு. அவ ஒதடு வெடிச்சுக் கெடக்குறதப் பாக்கப் பாக்க எனக்குப் பயம். செத்துப்போனா கொலகாரின்னு ஊரே சொல்லும், நானே என்னையச் சொல்லுவேன். வாசலுக்கு அங்கிட்டுப் போயி உக்காந்தாப் போதும், ஒரு நிமிசத்து வேலை. காலு எந்திரிக்க மாட்டேன்னுருச்சு.

அடுத்த நா மத்தியானம் மறுபடி உக்காந்தேன். விசாலாட்சி செவுத்தப் புடிச்சுப் புடிச்சு நடந்து வந்தா. செம்பை எடுத்தா. என் மொகத்தையே ரொம்ப நேரம் பாத்தா. நான் டம்ளரை நீட்டுனேன்.

"எந்த ஊரு சாமி?"ன்னா. "நடந்தே வந்தீகளா? காலெல்லாம் வெடிச்சுக் கெடக்கே."

டம்ளர் நெறைய ஊத்துனா. எலையில குனிஞ்சு சோறு வச்சா, மேல கொழம்பு ஊத்துனா. நான் தின்னு முடிக்கிற வரைக்கும் பக்கத்துலயே நின்னா. அப்புறம் உக்காந்து அவளும் தின்னா, வெரசா, பறக்காவெட்டி மாதிரி.

கதவுகிட்ட நின்னு பாத்துக்கிட்டிருந்த சூசைமுத்து கண்ணத் தொடச்சுக்கிட்டாரு. "மனசு மாறிட்டாங்க பாத்தியா குப்பம்மா"ன்னாரு.

"மாறல சார். மறந்துட்டாங்க."

சந்தோசமும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல எனக்கு. அவ எலைய எடுத்துக்கிட்டு வெளிய வந்தேன். அந்த நோயி ஊருல உள்ள எல்லாத்துக்கும் வரட்டும்னு அப்ப நெனச்சேன். இப்பவும் அப்பப்ப நெனச்சுக்குவேன்.