சொந்தக்காரங்க

வீட்டு வரி பாக்கிக்காகக் குடிநீர்க் குழாயைத் துண்டிக்கப்போவதாக நோட்டீஸ் வந்த மறுநாள், கோமதித்தாய் வேலைக்குப் போகாமல் வரி ஆபீசுக்கு ஓடினாள். கணவன் கருத்தப்பாண்டி எல்லையில் இறந்த பிறகு, படைவீரரின் மனைவி தானே குடியிருக்கும் வீடு என்று அவளுக்கு வரிவிலக்கு இருந்தது. இந்த முறை மறுத்துவிட்டார்கள். பாக்கியை ஒரேயடியாகக் கட்ட அவளிடம் வழியில்லை. குழாயை வெட்டிவிட்டால், பக்கவாதத்தில் படுத்துக் கிடக்கிற மாமனாரை எதைக் கொண்டு கழுவுவாள்?

“உரிமையாளர் குடியிருக்கவில்லை, உறவினர்கள் வசிக்கிறார்கள். ஆய்வு அறிக்கையில அப்படித்தாம்மா இருக்கு” என்றார் கிளார்க்.

“எந்த உறவினர் சார்? நானும் மாமாவுந்தான் இருக்கோம். அவங்க வந்தப்ப நான் புளியங்குடி எலுமிச்சை மார்க்கெட்டுல வேலையில இருந்திருப்பேன்.”

“எதிர்வீட்டுல விசாரிச்சிருக்காங்க. ஜன்னல் வழியா ஒரு பெரியவரையும் பார்த்திருக்காங்க.”

ரேஷன் கார்டை எடுத்து நீட்டினாள்.

“இது அட்ரசுக்குத்தான் ஆகும். வேலை புளியங்குடியிலங்கிறீங்க. அங்கனயே தங்கிட்டாலும் கார்டு இங்கனதான இருக்கும்?”

“அங்கன எலுமிச்சங்காயோட நானும் மூட்டையிலயா கிடப்பேன்? பொழுது சாஞ்சா பஸ் ஏறி வாரேன் சார்!”

“அப்ப எதிர்வீட்டுக்காரங்ககிட்ட எழுதி வாங்கிட்டு வாங்க. இன்னைக்குத்தான் கடைசி நாள்.”

எதிர்வீட்டு மிஸ்ரியா கருவாடு அலசிக்கொண்டிருந்தாள்.

“ஏட்டி, ஆபீஸ்காரர்கிட்ட என்னட்டி சொன்ன?”

மிஸ்ரியா யோசித்தாள். “கோமதித்தாய் வீட்டுல யாரு இருக்கா, வாடகைக்காரங்களான்னு கேட்டாரு. இல்ல சார், சொந்தக்காரங்கதான் இருக்காங்கன்னேன். நல்லதுதானக்கா சொன்னேன்?”

கோமதித்தாய் அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். வீட்டுக்குச் சொந்தக்காரி என்று இவள் சொன்னதை, சொந்தபந்தம் என்று அவர் எழுதிக்கொண்டு போயிருக்கிறார்.

“பாவி! என்னைக்கும் இல்லாத மரியாதை அன்னைக்கு எதுக்குட்டி வந்துச்சு? ‘அவதான் இருக்கா’ன்னு சொல்லித் தொலைச்சிருந்தா என் குழாய் தப்பிச்சிருக்கும்லா!”

மிஸ்ரியா கையைக் கழுவிக்கொண்டு கூடவே வந்தாள். ஆபீசில் நின்றபடியே, தான் சொன்னது வீட்டுக்காரியைத்தான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். கிளார்க் படித்துவிட்டுச் சிரித்தார். அவர்கள் இருவருக்கும் சிரிப்பு வரவில்லை.

“மனுவை எடுத்துக்கிடுதேன். மறு ஆய்வு வரைக்கும் குழாயில கை வைக்க மாட்டாங்க.”

“எப்ப சார் வருவாங்க?”

“சொல்லிட்டு வந்தா அது ஆய்வாம்மா? எப்ப வேணா வருவாங்க. அப்பவும் நீங்க வீட்டுல இல்லன்னா, அவ்வளவுதான். இதுக்கு மேல மனு கிடையாது.”

அன்று மாலையே மார்க்கெட் கமிஷன் கடை கண்ணன் போன் செய்தார். “லோடு நிறைய வருது. நாளைக்கும் வரலன்னா வேற ஆளப் போட்டுருவேன், பார்த்துக்கோ.”

“அண்ணாச்சி, ஒரு நாலு நாள் பொறுங்க…”

“பழம் பொறுக்குமா?” போன் துண்டிக்கப்பட்டது.

மறுநாள் விடிந்ததும் வாசல் கதவை அகலத் திறந்துவைத்தாள். புளியங்குடி பஸ் போகும் நேரம் வந்து, கடந்தும் போனது. மாமனாருக்கு மாத்திரை தீர்ந்திருந்தது. மருந்துக்கடை தெருமுனையில்தான். செருப்பை மாட்டி, இறங்கி, தெருவின் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத் திரும்ப ஏறிவிட்டாள்.

பத்து மணி வாக்கில் வாசலில் பைக் ஒன்று நின்றது. மாமனாரைத் துடைத்துக்கொண்டிருந்தவள் ஈரக்கையோடு ஓடினாள்.

“நான்தான் சார் கோமதித்தாய்! இங்கனதான் இருக்கேன்!”

தோளில் சிலிண்டரோடு நின்றவன் அவளைப் பார்த்து மிரண்டான். “அது தெரியும்க்கா. ஓடிபி சொல்லுங்க.”