அம்மித் துண்டு கிடக்கும் இடம்

பூலாம்பாடி போகிற தார்ரோட்டில், குத்தகை வயலுக்கு நேர் எதிரேதான் ராசாத்தி வருஷாவருஷம் மக்காச்சோளம் காயப்போடுகிற இடம். ஓரத்தில் கல்லை வரிசையாக வைத்துவிட்டால் பஸ்ஸே ஒதுங்கிப் போகும். ஒரு வாரமாக மூட்டம். இன்றைக்குத்தான் வெயில் முகம் காட்டியிருக்கிறது. இன்றைக்கும் காயாவிட்டால் சோளம் பூசணம் பிடித்துவிடும்.

ராசாத்தியும் மகள் தேவயானியும் மூட்டைகளை இறக்க வந்தால், அங்கே ஏற்கெனவே கல் வரிசை. நடுவில் இடுப்பில் கைவைத்தபடி பங்காளி தர்மராஜ்.

"விடியறதுக்குள்ள வச்சிட்டேன் அண்ணி. என் டிராக்டர் வந்துக்கிட்டிருக்கு."

ராசாத்தி மூட்டையை ரோட்டோரம் சாய்த்து வைத்தாள். தேவயானி வாயைத் திறந்தாள். அந்த வம்சத்தில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள் அவள். வேலைதான் வரவில்லை, கோபம் வந்துவிட்டது.

"இது எங்க எடம் சித்தப்பா."

"பட்டா இருக்கா? ரோடு கவர்மெண்டோடது புள்ள."

"கவர்மெண்ட் வந்து கேக்கட்டும், எழுந்து போறோம். நீங்க யாரு கேக்க? அனுபவத்துல இருக்கறது நாங்க."

"அனுபவமா? கல்லு வச்சவன் நானு. இந்தப் பக்கத்து வழக்கம் தெரியாதா? யாரு கல்லோ அவங்க எடம். இத உன் காலேஜ்ல சொல்லித் தரலயா?"

அவளுக்குச் சுருக்கென்றது. வழக்கம் அதுதான். ஆத்திரத்தோடு கல் வரிசையைப் பார்த்தவள், மூலையில் இருந்த கல்லருகே குனிந்தாள். பாதியாய் உடைந்த அம்மி. அம்மா கல்யாணத்துக்குச் சீராக வந்தது. வீடு அப்பா பேரில், வயல் குத்தகை. ராசாத்திக்கென்று சொந்தமாக இருந்ததே இதுதான். உடைந்த பிறகும் அதைத் தூக்கி எறியாமல் வேலியோரம் மற்ற கற்களோடு போட்டு வைத்திருந்தாள்.

"இந்தக் கல்ல எங்கேருந்து எடுத்தீங்க?"

"உங்க வேலியோரம் குவிஞ்சு கெடந்துச்சு. ஏன்?"

"யாரு கல்லோ அவங்க எடம்னு சொன்னீங்களே."

தர்மராஜ் கல்லைப் பார்த்தார், அண்ணியைப் பார்த்தார். ராசாத்தி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

"அதுக்கில்ல... இருட்டுல கையில கெடச்சத..."

"எங்களுக்காகக் கண்ணு முழிச்சு எடம் போட்டு வச்சிருக்கீங்க. ரொம்ப நன்றி சித்தப்பா. கொஞ்சம் நவுருங்க, கொட்டணும்."

டிராக்டர் வந்து நின்றது. கொட்ட இடமில்லாமல் தர்மராஜ் தலையைச் சொறிந்தபடி நிற்பதைப் பார்க்க ராசாத்திக்கே பொறுக்கவில்லை.

"எங்கது பாதி ரோட்டுக்குத்தான் வரும் தம்பி. மிச்சப் பாதியில நீங்க காயப்போட்டுக்குங்க."

அம்மாவின் இளகிய மனசு தேவயானிக்கு எப்போதுமே எரிச்சல்தான்.

"போட்டுக்கட்டும். ஆனா சித்தப்பா, நாங்க விட்டதாலதான் நீங்க இங்க இருக்கீங்க. அனுமதியில இருக்கறவங்களுக்கு எத்தன வருசம் ஆனாலும் பாத்தியம் வராது. ஞாபகம் வச்சுக்கங்க."

"அண்ணி, இவள எவன் கட்டுவான்?"

"மொதல்ல சோளத்தக் கொட்டுங்க தம்பி."

சாயங்காலம் இரண்டு பேர் சோளமும் கையில் அள்ளினால் கலகலத்தது. தர்மராஜ் தன்னுடையதை அள்ளும்போது, அம்மித் துண்டின் மேல் முறம் படாமல் சுற்றிச் சுற்றி அள்ளினார்.