அவர் பேரில் இருந்த நம்பர்

வீடு வீடாகப் போய் முடிவெட்டுவதுதான் அவள் தொழில். வெளியே நடமாட முடியாத வயசான அம்மாக்கள், நோயில் படுத்தவர்கள் எல்லாருக்கும் அவள் போன் நம்பர் மனப்பாடம்.

புருஷனோடு இனி ஒத்துவராது என்று தங்கை வீட்டுக்கு வந்த மறுவாரம், அந்தப் போனில் சிக்னல் போய்விட்டது. கத்திரிப் பையும் தோளுமாகப் போன் கடைக்கு ஓடினாள்.

கடைப்பெண் கணினியைப் பார்த்துவிட்டுத் தயங்கினாள். "அக்கா, இந்த நம்பருக்கு உங்க வீட்டுக்காரர் வேற சிம் வாங்கிட்டார். ஒப்பந்தம் அவர் பேர்லதான் இருக்கு."

"மாசாமாசம் கட்டுறது நான்மா!"

"யார் கட்டினாலும் சரிக்கா, கையெழுத்துப் போட்டவங்களுக்குத்தான் நம்பர். அவர் சம்மதிச்சா உடனே உங்க பேருக்கு மாத்திடலாம்."

கல்யாணமான புதிதில் இதே மாதிரி ஒரு கடையில் அவர் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருக்க, இவள் போன் உறைக்கு நிறம் பார்த்துக்கொண்டிருந்தாள். தன் தலையில் தானே அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

வீடு திரும்பி, தங்கையின் போனிலிருந்து அவரை அழைத்தாள். "நம்பரை மட்டும் விட்டுக்கொடுங்க. என் பொழப்பே அதுலதான் இருக்கு."

"தெரியும்," என்றார் நிதானமாக. "வீட்டுக்கு வா, மாத்தித் தரேன்."

போனை வைத்தாள். மறுபடி அதே கடைக்குப் போய்த் தன் பேரில் புது நம்பர் வாங்கினாள். கடைப்பெண் கொட்டாவி விட்டாலும் இவள் அவசரப்படவில்லை. ஒப்பந்தத்தை வரி வரியாகப் படித்த பிறகே கையெழுத்திட்டாள்.

பிறகு வாடிக்கை வீடுகளுக்கு நடையாய் நடந்தாள். ரிட்டயரான டீச்சரம்மா கதவைத் திறந்ததும் திகைத்தார். அவர் தலையில் வேறு யாரோ வெட்டிய கிராப்பு.

"போன் பண்ணேனே! உன் வீட்டுக்காரர்தான் எடுத்தார். உனக்குக் கைநடுக்கம் வந்துடுச்சு, நீ தொழிலையே விட்டுட்டதா சொன்னாரே?"

அந்த நம்பருக்கு வரும் போனை எடுத்துப் புருஷன் பேசுவார் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

"அவன் பொய் சொல்றான்மா," என்றாள். கல்யாணமானதிலிருந்து அவரை 'அவன்' என்றது அதுதான் முதல் தடவை. "பாருங்க, நல்லாத்தான் இருக்கேன்."

கையை நீட்டிக் காட்டினாள். ஆத்திரத்தில் விரல்கள் வெடவெடத்தன.

டீச்சரம்மா அந்த விரல்களைப் பார்த்தார். "உடம்பைப் பார்த்துக்கோம்மா," என்று சொல்லி, மெதுவாகக் கதவைச் சாத்திக்கொண்டார்.